ஒரே கத்தி, ரெண்டு நிறம்: துணியும் பிசினும் சேர்ந்த கதை

இந்த வாரம் ராஜபாளையத்துல இருந்து ஆரம்பிக்கிறோம். நாய் பத்தின எபிசோட் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். இது கத்தி பத்தினது. இன்னும் சரியாச் சொன்னா, கத்தியோட பிடி பத்தினது.

அங்க எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார். வயசுல மூத்தவர், அதனால அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். பகல்ல லேத் பட்டறை வேலை. ராத்திரி வீட்டுக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகையில சமையல் கத்தி செஞ்சு ஆன்லைன்ல விக்கிறார். மாசத்துக்கு நாலஞ்சு கத்தி, அவ்வளவுதான். போன வருஷம் அதுல ஒண்ணு பெங்களூர்ல இருந்து திரும்பி வந்துடுச்சு. இரும்புல குறை இல்ல, கூர்ல குறை இல்ல. “பிடியோட இடது பக்கம் ஒரு நிறம், வலது பக்கம் வேற நிறம். மிச்சம் மீதித் துண்டை ஒட்டி ஏமாத்திட்டீங்க”ன்னு ஒரு குறிப்பு. அண்ணன் பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டார். ஆனா ‘ஏமாத்திட்டீங்க’ங்கிற வார்த்தை அவருக்குச் செரிக்கல.

“ஒரே துண்டுடா தம்பி. நானே நடுவுல அறுத்தேன்.”

கத்தியை வாங்கிப் பாத்தேன். இடது பக்கம் நல்ல காப்பிக்கொட்டை நிறம், அதுல மேப்புல மலையைக் காட்டுற கோடு மாதிரி வளையம் வளையமா. வலது பக்கம் தேன் நிறம், வளையமே இல்ல, துணி நெசவு மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. பணம் குடுத்து வாங்கினவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கே சந்தேகம் வந்துச்சு. “இது என்ன மரம்ணே?”ன்னு கேட்டேன். சிரிச்சார். “மரமா? இது துணி. பழைய மில்லு கியர்.”

சரி, ஒரு துணி எப்படி கியர் ஆச்சு, கியர் எப்படிக் கத்திப்பிடி ஆச்சு? இதுக்கு நூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி போகணும். அதோட, கதையில நம்ம ஊர்ச் சரக்கு நாம நினைக்கிறதை விட அதிகமா இருக்கு.

முதல் சரக்கு அரக்கு. மரத்துல ஒரு பூச்சி விட்டுட்டுப் போற பிசின். கத்தியோட வால் பகுதியை மரப்பிடிக்குள்ள சொருகி, அரக்கை உருக்கி ஊத்தி நிறுத்துறது இந்தியாவுல ரொம்பப் பழைய வழி. பாகவதர் காலத்து கிராமஃபோன் தட்டு இருக்கே, அதுவும் அரக்கு கலந்து செஞ்சதுதான். மின்சாரம் வந்தப்போ, கம்பியில இருந்து கரண்ட் கசியாம தடுக்க ஏதாவது வேணும்னு தேடினாங்க. அரக்கு அதுக்கும் உதவுச்சு.

ரெண்டாவது சரக்கு மைக்கா, அதாவது அபிரகம். ஏடு ஏடா உரியும், சூட்டைத் தாங்கும், கரண்ட்டை விடாது. தகட்டு மைக்காவுல உலகத்துக்கே பெரிய சப்ளை அன்னைக்கு பிரிட்டிஷ் இந்தியாதான். வடக்கே கோடர்மா, ஹசாரிபாக் பக்கம். தெற்கே நெல்லூர். நெல்லூர் அப்போ சென்னை மாகாணம், ஞாபகம் வச்சுக்கோங்க. மைக்கா ஏடுகளை அரக்கு வச்சு ஒட்டி ‘மைக்கானைட்’னு ஒரு பொருள் செஞ்சாங்க. மோட்டாருக்குள்ள வர்ற இன்சுலேஷன் வளையமெல்லாம் அதுதான். ரெண்டுமே கப்பல்ல வரணும், ரெண்டுமே விலை.

1907-ல லியோ பேக்லேண்டுன்னு பெல்ஜியத்துல பிறந்து அமெரிக்காவுல குடியேறின வேதியியலாளர், ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சூட்டுலயும் அழுத்தத்துலயும் சேர்த்து ஒரு செயற்கைப் பிசின் செஞ்சார். அவர் தேடினதே அரக்குக்கு ஒரு மாற்றுதான். அதுக்குப் பேர் பேக்லைட். ஒரு தடவை இறுகிட்டா மறுபடி உருகாது. சில வருஷத்துலயே வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இந்தப் பிசினைக் காகிதத்துலயும் துணியிலயும் ஊற வச்சு, அடுக்கி, சூடா அழுத்தி பலகை போட ஆரம்பிச்சுது. அந்தப் பலகைதான் மைக்கார்டா.

அதே கம்பெனியில வேலை பாத்த ரெண்டு பேர், டேனியல் ஓ’கானர், ஹெர்பர்ட் ஃபேபர். இதுல காசு இருக்குன்னு புரிஞ்சு 1913-ல வேலையை விட்டுட்டு சின்சினாட்டியில தனிக் கடை போட்டாங்க. ஓ’கானர் கண்டுபிடிச்ச முறைக்கான காப்புரிமை என்னவோ பழைய கம்பெனி கையிலயே நின்னுடுச்சு. புதுக் கம்பெனிக்கு வச்ச பேர் ஃபார்மைக்கா. ‘ஃபார் மைக்கா’, அதாவது மைக்காவுக்குப் பதிலா! நெல்லூர்லயும் கோடர்மாவுலயும் தோண்டி எடுத்த பொருளை ஓரங்கட்ட வந்தது, அதே பேரைத் தலையில வச்சுக்கிட்டு வந்துச்சு. பின்னாடி இந்தியாவுல நம்ம வீட்டு மேஜைக்கு வந்த சன்மைக்கா பேர்லயும் அந்த மைக்கா ஒட்டிக்கிட்டு இருக்கு. உள்ள ஒரு துளி மைக்கா கிடையாது.

இப்போ துணி. காகிதம் வச்ச பலகை இன்சுலேஷனுக்குப் போதும். ஆனா பருத்தித் துணி வச்சதுக்கு வேற ஒரு குணம்: அடி தாங்கும். அதனால 1920-கள்ல விமானத்துக்கு புரொப்பெல்லர்கூட மைக்கார்டாவுல செஞ்சாங்க. கார் எஞ்சினுக்குள்ள டைமிங் கியர் செஞ்சாங்க. இரும்புப் பல்லோட இரும்புப் பல் மோதினா கடகடன்னு சத்தம். இரும்போட துணிப்பல் மோதினா சத்தம் அடங்கிடும், எண்ணெயும் கம்மியாப் போதும். இங்கிலாந்துல டஃப்னால்னு ஒரு கம்பெனி இதையே தரம் தரமாப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு உயிரினத்தோட பேர் வச்சுது. திமிங்கலம்னா கொஞ்சம் பருமனான துணி, கெண்டை வகை மீன் பேர்னா மெல்லிய துணி. இப்படி ஒரு பேர் வைக்கிற வேலை கிடைச்சா நான் சம்பளம் இல்லாம செய்வேன்.

எண்ணெய் கம்மி, சத்தம் கம்மி. இதை யாரு விரும்புவாங்க? பஞ்சு வச்சுத் தொழில் பண்றவங்க. நூல்ல ஒரு சொட்டு எண்ணெய் பட்டா அந்த நூல் போச்சு. ராஜபாளையத்துல பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸ் தொடங்கினார். அதுக்கப்புறம் அந்த ஊரைச் சுத்தி நூற்பாலைகள் வரிசையா வந்துச்சு. மில்லுச் சங்கு ஊதுற நேரத்தை வச்சு ஊரே கடிகாரம் பாத்த காலம் அது. அந்தத் தலைமுறை நூற்பு மெஷின்கள் இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் இருந்து வந்த வம்சம். அந்த மாதிரி மெஷின்கள்ல அங்கங்க இந்தப் பழுப்பு நிற கியர் சுத்தும். வேலை பாத்தவங்களைக் கேட்டா மைக்கார்டான்னு சொல்ல மாட்டாங்க, ‘ஃபைபர் கியர்’னுதான் சொல்லுவாங்க. பருத்தித் துணியில செஞ்ச பல்லு பருத்தி நூலைச் சுத்துச்சு. மெஷின் மாத்தினப்போ பழைய இரும்புக் கடைக்குப் போச்சு. இரும்பு எடைக்குப் போயிடும், இது எதுக்கும் போகாது. அண்ணன் அங்க இருந்து கிட்டத்தட்ட சும்மா வாங்கிட்டு வந்தது அப்படித்தான்.

சரி, நிறத்துக்கு வருவோம். எனக்கு இது புரிஞ்சது ராஜபாளையத்துல இல்ல. அங்க இருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல, எங்க ஆச்சி வீட்டுல.

பழைய வயரிங்கை மாத்திட்டு இருந்தாங்க. மரப்பெட்டி மேல பழுப்புத் தகடு, அதுல குண்டு குண்டா கறுப்பு சுவிட்ச். உங்க தாத்தா வீட்டுலயும் பாத்திருப்பீங்க. அந்தத் தகட்டை எலக்ட்ரீஷியன்கள் ‘ஹைலம் ஷீட்’னு சொல்லுவாங்க. ஹைதராபாத்துல லேமினேட் செஞ்ச கம்பெனியோட பேர், ஹைதராபாத்தோட ‘ஹை’, லேமினேட்டோட ‘லம்’. ஜெராக்ஸ் மாதிரி அந்தப் பேரே பொருளுக்குப் பேராயிடுச்சு. இதுவும் பேக்லைட் வகைப் பிசின்தான், உள்ள துணிக்குப் பதிலா காகித அடுக்கு.

சுவிட்சைக் கழட்டினதும் தகட்டுல நாலு வட்டம். சுவிட்ச் மூடி இருந்த இடம் மட்டும் வெளிர் தேன் நிறம், சுத்தி எல்லாம் கருத்துப்போன பழுப்பு. ஒரே தகடு. பாதி வெளிச்சத்தையும் காத்தையும் பாத்துச்சு, பாதி பாக்கல. “எந்திரிச்சு நாப்பது வருஷமா தொட்டுத் தொட்டு அழுக்காப் போச்சு போல”ன்னு ஆச்சி சொன்னாங்க. துடைச்சுப் பாத்தோம், போகல. அது அழுக்கு இல்ல.

ஃபீனால் பிசினுக்கு அதுதான் ஜாதகம். ஆக்ஸிஜன் பட்டா, புற ஊதா வெளிச்சம் பட்டா, சூடு பட்டா, அதுல குயினோன் வகை மூலக்கூறு உருவாகும். அதுக்கு நிறம் மஞ்சள்ல இருந்து சிவப்புப் பழுப்பு வரைக்கும் போகும். ஆப்பிளை வெட்டி வச்சா பழுப்பாகுதே, அதுவும் இதுக்குத் தூரத்துச் சொந்தம். ஃபேக்டரியில அழுத்தும்போது சூடு கொஞ்சம் கூடினாலோ நேரம் கொஞ்சம் நீண்டாலோ பிறக்கும்போதே கருப்பாப் பிறக்கும். அதனால ஒரு பேட்ச் மாதிரி இன்னொரு பேட்ச் இருக்காது. இன்ஜினியர் யாரும் இதைக் கண்டுக்கல. எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை கிலோ தாங்கும்னுதான் கேட்டாங்க. என்ன நிறம்னு யாரும் கேட்கல.

இந்தப் பிசினால வெள்ளையா இருக்கவே முடியாது, பளிச்சுனு நீலமாவும் இருக்க முடியாது. தேன் நிறக் கண்ணாடி வழியா நீலத் துணியைப் பாருங்க, பாசி நிறமாத் தெரியும். அதனாலதான் துணியில சாயம் போட்டாலும் மைக்கார்டா எப்பவும் மங்கின பச்சை, மங்கின மெரூன்னு இருக்கும். சமையலறை மேஜைக்கு வெளிர் நிறம் வேணும்னப்போ, 1930-கள் கடைசியில மெலமைன்னு வேற பிசினைக் கொண்டுவந்தாங்க. மேல ஒரு அடுக்கு நிறமில்லாத மெலமைன், அடியில பழையபடி ஃபீனால் காகிதம். உங்க வீட்டுல சன்மைக்கா ஒட்டின மேஜை இருந்தா ஓரத்தைப் பாருங்க. மேல பூ டிசைன், விளிம்புல ஒரு பழுப்புக் கோடு தெரியும். அந்தக் கோடுதான் இந்தக் கதையோட ஹீரோ.

நிறத்துக்கு இன்னொரு காரணம் துணியே. மழையில நனைஞ்ச வெள்ளை வேட்டி உள்ளே இருக்கிறதைக் காட்டிக் குடுத்துடும், தெரியும்ல? நூலுக்கு நடுவுல காத்து இருந்தவரைக்கும் வெளிச்சம் சிதறி வெள்ளையாத் தெரிஞ்சுது. தண்ணி புகுந்ததும் சிதறல் குறைஞ்சு போச்சு. பிசினும் அதையே செய்யும், தண்ணியை விட நல்லாவே செய்யும். பிசின் முழுசாப் புகுந்த இடம் ஆழமா, கண்ணாடி மாதிரி. சரியாப் புகாத இடம் வெளிறி, பொடிப்பொடியா. அண்ணன் ஒரு தடவை ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டியில நெய்யிற பேண்டேஜ் துணியை வாங்கி, எபாக்ஸி ஊத்தி, தானே அடுக்கிப் பாத்திருக்கார். அது ரத்தத்தை உறிஞ்சணும்னே இடைவெளி விட்டு நெஞ்ச துணி. பிசினை அப்படியே குடிச்சுட்டு நூல் கண்ணுக்கே தெரியாமப் போச்சாம். “துணி போட்டேன்னு நான் சத்தியம் பண்ணாத்தான் நம்புவாங்க”ன்னார். கித்தான் துணி மாதிரி நெருக்கமா நெஞ்சதுலதான் புள்ளியும் கோடும் நல்லாத் தெரியும்.

அப்புறம் வெட்டு. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினா வளையம், நெடுக்கே வெட்டினா கோடு. வெங்காயம் மாறல, கத்தி போன திசைதான் மாறுச்சு. இந்தப் பலகையும் அப்படித்தான். தட்டையா விட்டா ஒரே அடுக்கு தெரியும், நெசவுப் புள்ளி மட்டும். கைக்கு வாகா உருட்டித் தேய்க்கத் தேய்க்க அடுக்கு அடுக்கா வெட்டுப்பட்டு வளையம் வரும். ரெண்டு பக்கத்துலயும் உருட்டல் அரை மில்லிமீட்டர் வித்தியாசப்பட்டாகூட வளையம் வேற இடத்துல விழும்.

இப்போ அந்தத் திரும்பி வந்த கத்திக்கு வாங்க. கியரை அண்ணன் நடுவுல ரெண்டா அறுத்தார். இடது துண்டோட வெளிப்பக்கம் கியரோட முகம், வருஷக்கணக்கா காத்தும் சூடும் மில்லு எண்ணெயும் பாத்தது. வலது துண்டுக்கு அவர் உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டியிருக்கார். அது அறுக்கிற வரைக்கும் வெளிச்சமே பாக்காதது. அது போதாதுன்னு இடது பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலா உருட்டி விட்டுட்டார். ஆச்சி வீட்டு சுவிட்ச் போர்டேதான், ரெண்டு பாதியும் கத்தியோட ரெண்டு பக்கத்துல.

கத்தி உலகத்துல இந்த நிறமாத்தத்துக்குத் தனி மரியாதை உண்டு. அமெரிக்காவுல பாப் லவ்லெஸ்னு பேர்போன கத்திக் கலைஞர், பச்சை கேன்வாஸ் மைக்கார்டாப் பிடியை ஒரு அடையாளமாவே ஆக்கினார். வெஸ்டிங்ஹவுஸ் பழைய காலத்துல போட்ட ஐவரி மைக்கார்டா, வயசாகி மஞ்சளாகி யானைத் தந்தம் மாதிரி ஆனது, சேகரிக்கிறவங்க தேடித் தேடி வாங்குறாங்க. பாலிஷ் போடாத கேன்வாஸ் பிடி கை எண்ணெயைக் குடிச்சு, விரல் படுற இடத்துல மட்டும் கருக்கும். அதுக்குப் பிறகு வந்த ஜி10 இப்படி இல்ல. அது கண்ணாடி இழைத் துணியும் எபாக்ஸியும். எண்ணெய் குடிக்காது, கலர் கலரா அடுக்கலாம், வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே பெரும்பாலும் இருக்கும். நம்ம மொபைலுக்குள்ள இருக்கிற சர்க்யூட் போர்டுக்கு நெருங்கின உறவு. சமையலறைக்கு அதுதான் வசதின்னு நானே சொல்லுவேன். மனசு என்னவோ துணிப்பக்கம்தான் போகுது.

ஆனா ஒரு இடத்துல இந்த நிற மயக்கம் ஆபத்து. இதைக் கேட்டுட்டு யாராவது நாளைக்கே காயலான் கடைக்குப் போய் பழுப்புப் பலகை வாங்கிட்டு வந்து கிரைண்டர்ல வைக்கப் போறீங்கன்னா, நில்லுங்க. இந்த லேமினேட்களுக்கு அமெரிக்காவுல எழுத்துத் தரம் வச்சாங்க. எக்ஸ்னா காகிதம், சி-ன்னா கேன்வாஸ், எல்-னா லினன். ஏ-ன்னும் ஏஏ-ன்னும் ரெண்டு தரம் இருந்துச்சு. அந்த ஏ, ஆஸ்பெஸ்டாஸ். சூடு அதிகம் படுற இடத்துக்காக ஆஸ்பெஸ்டாஸ் காகிதத்தையும் துணியையும் அதே பிசின்ல ஊற வச்சு அடுக்கினது. மெஷின்ல இருக்கிறவரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும். தேய்ச்சாத்தான் இழை தூசியாப் பறக்கும், நுரையீரல்ல போய் உட்காரும், முப்பது நாப்பது வருஷம் கழிச்சுக் கணக்குக் கேட்கும். பழுப்பு, சாம்பல், கறுப்புன்னு நிறத்தைப் பாத்து இது பருத்தியா ஆஸ்பெஸ்டாஸான்னு சொல்லவே முடியாது. பருத்தியா இருந்தாகூட ஃபீனால் தூசி நல்லதில்ல, கண்ணாடித் தூசியும் நல்லதில்ல.

இதை அண்ணன்கிட்ட சொன்னேன். கைக்குட்டையை மூக்குல கட்டிட்டுத் தேய்ச்சுட்டு இருந்த மனுஷன். கொஞ்ச நேரம் பேசல. கொட்டகையில எட்டு கியர் மிச்சம் இருந்துச்சு. துணி நெசவும் வாங்கின இடமும் உறுதியாத் தெரிஞ்சது மூணு. மீதி அஞ்சையும் ஒரு சாக்குல கட்டி வாயை இறுக்கி ஓரமா வச்சுட்டார். இப்போ கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வாங்கியிருக்கார். உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சுத்தான் தேய்க்கிறார். புதுக் கத்திக்கு, எந்தத் துணின்னு எழுதியிருக்கிற புதுப் பலகை வாங்குறார். செலவு ஏறுது, கத்தி விலையும் ஏறியிருக்கு. அதுக்கு ஆர்டர் குறைஞ்சா என்ன பண்றதுன்னு அவருக்கு இன்னும் பதில் கிடைக்கல.

“இடது பக்கத்தை நல்லாத் தேய்ச்சு விட்டா நிறம் ஒண்ணாயிடாதாண்ணே?”ன்னு கேட்டேன். ஆயிடுமாம். கருத்தது மேல் தோல் மட்டும்தான், ஈர உப்புத்தாள்ல பத்து நிமிஷ வேலை, கீழே அதே தேன் நிறம் வந்துடும். ஆனா அவர் அதைச் செய்யல. விற்பனைப் பக்கத்துல ஒரு வரி மட்டும் சேர்த்தார்: “பிடி துணி அடுக்கால் ஆனது. இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்காது. பயன்படுத்தப் பயன்படுத்த நிறம் மாறும்.” கூடவே ரெண்டு பக்கத்தையும் காட்டுற படம். முன்னாடி எல்லாம் ஒரு பக்கப் படம்தான் போடுவாராம், அது தன் தப்புன்னு அவரே ஒத்துக்கிட்டார்.

திரும்பி வந்த கத்தி அவர் வீட்டு அடுப்படிக்குப் போயிடுச்சு. அண்ணி அதுல தினமும் வெங்காயம் வெட்டுறாங்க. போன தடவை போனப்போ வலது பக்கத்துல கட்டைவிரல் அழுந்துற இடம் லேசா கருக்க ஆரம்பிச்சிருந்துச்சு.